ஒரு பக்கம் மூடிய சுவர்

சொந்த வீட்டுக்குள் அளவு எடுக்க வந்த ஆள் மாதிரி மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். காதில் பென்சில். கையில் டேப். மாடியில் இருப்பது ஒரே நீளக் கூடம்தான். ஒரு கோடியில் அடுப்பு, மறுகோடியில் படுக்கை, நடுவில் மற்றதெல்லாம். அவரே கட்டியது. உயரம் எட்டடிதான். கேட்டால், செங்கல் தீர்ந்த இடத்தில் கூரை போட்டேன் என்று சிரிப்பார். அந்தக் கூடத்தின் ஜன்னல் மூலையை இப்போது தடுத்து ஒரு அறை ஆக்க வேண்டும். அதுவும் நர்ஸம்மா வந்து பார்ப்பதற்குள்.

மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இத்தனை நாளாகக் கிடக்கிறது. மேஸ்திரி ஒரே ஒரு தடவை பார்த்தார். விரலா அது, தீக்குச்சியே அதைவிடத் தடிமன். நெஞ்சு ஏறி இறங்குவது தோலுக்கு மேலேயே தெரிந்தது. பார்த்துவிட்டு வெளியே வந்தவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சின்னதாக ஒரு ஆள் இருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தனி அறை வேண்டும். அடுப்புப் புகை வரக்கூடாது, தூசி வரக்கூடாது, தெருவிலிருந்து வருகிறவர்கள் நேரே குழந்தை முகத்தில் போய் நிற்கக்கூடாது. முந்தின நாள் வந்து நர்ஸம்மா பார்ப்பார். சரியில்லை என்றால் குழந்தை அங்கேயே இருக்கும். மகளும் ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சிலேயே இருப்பாள். ஏற்கெனவே பாதியாகப் போய்விட்டாள்.

"செங்கல்லயே வச்சுடுங்களேன் மாமா. உங்களுக்கு அது ஒரு நாள் வேலை" என்றார் மாப்பிள்ளை. வேன் ஓட்டுகிறவர். எதையும் ஒரு நாள் வேலை என்றுதான் சொல்வார்.

"வச்சுடலாம் மாப்ள. அப்புறம் கீழ் வீட்டுக்காரன் தலைமேல போய் நிக்கும். இந்த மூலைக்குக் கீழ உத்தரம் கிடையாது."

"ஓ."

"உத்தரம் இருந்தாலும் ஆகாது. புதுச் சுவர் தண்ணி குடிச்சு, தண்ணி கக்கி, காயறதுக்கு வாரக்கணக்கா ஆகும். அந்த ஈரத்துல கொண்டுவந்து போடுவீங்களா உங்க பொண்ண?"

உங்க பொண்ணு என்றதும் மாப்பிள்ளை முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படி யாரும் இன்னும் அவரிடம் சொல்லிப் பழகவில்லை.

ஆகவே ஜிப்சம் போர்டு என்று முடிவானது. மேஸ்திரிக்கு அதன்மேல் மரியாதை கிடையாது. பெரிய கட்டிடங்களில் அந்த வேலைக்காரர்கள் வெள்ளைச் சட்டை அழுக்காகாமல் சுவர் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்து, "அட்டைப்பெட்டிக்கு ஆளு வந்துட்டான்" என்று கேலி செய்தவர்தான். இப்போது அதையே தன் கையால் வைக்க வேண்டும். ஆள் வைத்துச் செய்யலாம் என்றதற்கு ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "என் வீட்டுச் சுவத்த இன்னொருத்தன் வைக்கிறதா?"

நூலில் நீலப்பொடி தடவி இழுத்துத் தரையில் அடித்தார். ஒரு பக்கம் பன்னிரண்டு அடி, திரும்பி எட்டு அடி, மொத்தம் இருபது. தூக்குக்குண்டு விட்டுக் கூரையிலும் அதே கோட்டைக் கொண்டுபோனார். கீழும் மேலும் தகரச் சேனல் ஓடும். நடுவில் இரண்டடிக்கு ஒரு தகரக் கால் நிற்கும். போர்டு நாலடி அகலம், எட்டடி உயரம். ஓரங்கள் சரியாகக் காலின் நடுவில் வந்து உட்கார வேண்டும், அந்தரத்தில் நிற்கக்கூடாது.

"இருபதடி நீளம், எட்டடி ஒசரம். கதவுக்குக் கழிச்சா நாலரை போர்டு. உடையறது கிடையறது சேத்து அஞ்சு" என்று மனக்கணக்காகவே சொன்னார். "மூலைக்கும் கதவுக்கும் சேத்து கால் பதினாலு. ஸ்க்ரூ ஒரு பெட்டி. ஒட்டுற டேப் ஒரு உருளை. இடுக்கு அடைக்கிற மாவு ஒரு மூட்டை. எழுந்திரிங்க மாப்ள, வண்டிய எடுங்க."

கடையில் இருந்தது ஒரு இளைஞன். அவன் அப்பா கடையை அவன் பார்க்கிறான். இருபதடிக்கு என்று கேட்டுவிட்டு, "அஞ்சு போதுமா மேஸ்திரி?" என்றான்.

"தம்பி, நீ உக்காந்திருக்கிற கடைக்குச் சுவர் வச்சதே நான்தான்."

அவன் ஐந்து போர்டை எண்ணி வெளியே எடுத்து வைத்தான்.

போர்டைப் படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து முறியும். நிமிர்த்தி, ஆளுக்கொரு முனை பிடித்து, படிக்கட்டு திருப்பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார்கள். "அத்தை, வழிய விடுங்க, சுவர் வருது!" என்று மாப்பிள்ளை கத்தினார். மேஸ்திரியின் சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சித்தாள். மேஸ்திரி முதன்முதலாகத் தனியாக எடுத்த வேலையில் அவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தவள்.

"நடந்து வர்ற சுவத்த இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

சேனலைத் துளைபோட்டு முடுக்கினார்கள். தகரக் கால்களை நிறுத்தினார்கள். முதல் போர்டில் ஜன்னலுக்காகச் சின்னத் துண்டு ஒன்று வெட்ட வேண்டியிருந்தது. கத்தியால் அட்டைமேல் ஒரே கோடு கீறினார் மேஸ்திரி. முழங்காலை அடியில் கொடுத்து ஒரு தட்டு. படக்கென்று நேராக முறிந்தது. பின்பக்க அட்டையைக் கத்தியால் அறுத்ததும் துண்டு தனியே கையில் வந்துவிட்டது.

இரண்டு பேரும் கையிலிருந்ததைப் பார்த்தார்கள்.

"மாமா, இது சுவரா, ரஸ்க்கா?"

"டீ இருக்கான்னு கேளுங்க உங்க அத்தைகிட்ட."

சிரித்தாலும் மேஸ்திரியின் கண் அந்தத் துண்டை விட்டு வரவில்லை. முறிந்த ஓரம் உளியால் செதுக்கியது போல் இருந்தது. செங்கலை இப்படி உடைக்க ஒரு ஆயுசு பழக வேண்டும். இது முழங்காலுக்கே சொன்னபடி கேட்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெள்ளை மாவு விரலில் ஒட்டியது.

அறைக்குள் நின்றபடி வேலை செய்தார்கள். போர்டின் தலையில் அரை அங்குலம் சீவிவிட்டு, அந்த அளவுக்குத் தரையிலிருந்து தூக்கிவைத்தார்கள். தரையைத் தொட்டால் கழுவுகிற தண்ணீரை உறிஞ்சிவிடும். ஸ்க்ரூ சாணுக்கு ஒன்று. அதன் தலை அட்டையைக் கிழிக்கவும் கூடாது, வெளியே துருத்தவும் கூடாது. நகம் பதிந்த அளவுக்குப் பள்ளம் விழுந்தால் சரி. மாப்பிள்ளை முதல் நாலைந்தை உள்ளேயே இறக்கிவிட்டார். "இது உங்க வண்டி ஆக்சிலேட்டர் இல்ல" என்றார் மேஸ்திரி. பிறகு கை படிந்தது. ஒவ்வொரு போர்டும் நிற்க நிற்கக் கூடம் கண்ணிலிருந்து மறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது போர்டும் கதவுக்குமேல் துண்டும் ஏறியதும், மூலை ஒரு அறையாகிவிட்டது. வெளிச்சம்கூட வேறாகத் தெரிந்தது. மேஸ்திரி நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றினார். காலையில் இங்கே வெறும் மூலை. ஒரு செங்கல் இல்லை, ஒரு சட்டி கலவை இல்லை. நாலு பக்கமும் நேராக நிற்கிறது.

"செரி. அந்தப் பக்கம் போவோம்" என்று வெளியே வந்தார்.

வெளியே தகரக் கால்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே போர்டின் பழுப்பு முதுகு தெரிந்தது. போர்டுகள் சாய்த்துவைத்திருந்த இடம் காலியாக இருந்தது.

மாப்பிள்ளைதான் கேட்டார். "மாமா, இந்தப் பக்கத்துக்கு?"

"எந்தப் பக்கத்துக்கு?"

"இந்தப் பக்கத்துக்கு, போர்டு?"

மேஸ்திரி மனக்கணக்கைத் திரும்பப் போட்டார். உதடு மட்டும் அசைந்தது. இருபதடி, எட்டடி, கதவு போக நாலரை. கணக்கு சரியாகத்தான் வந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் சரியாகத்தான் வந்தது. ஆனால் பாதிச் சுவரைக் காணோம்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சம்சாரம் வந்தாள். கால்களைப் பார்த்தாள், காலி இடத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"ஏங்க, பூச்சு வேலைக்கு எத்தனை பக்கம் கணக்குப் போடுவீங்க?"

"ரெண்டு பக்கம். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு."

"கல்லுக்கு?"

"கல்லுக்கு ஒரு தடவைதான். சுவரு ஒண்ணுதான?"

"இது கல்லு இல்லங்க. இந்தத் தகரம்தான் கல்லு. போர்டு பூச்சு."

மேஸ்திரி ஒரு தகரக் காலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தையில் சுவரையே பிரித்துக் காட்டிவிட்டாள். தகரம்தான் கல், போர்டு பூச்சு. எத்தனை வீடு கட்டியவர், எத்தனை பூச்சுக்கு இரண்டு பக்கமும் அளந்தவர். சுவர் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாகச் செங்கல் கணக்கையே போட்டுவிட்டது.

"அந்தக் கடைக்காரப் பையன் கேட்டான் மாமா" என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"கேட்டான் மாப்ள. நீங்க அதை இப்ப ஞாபகப்படுத்தணும்னு இல்ல."

கடைக்குப் போன் போட்டார்கள். இருந்த போர்டெல்லாம் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டதாம். அடுத்த லோடு அடுத்த வாரம்தான். வேறு கடைகளில் அந்தத் தடிமனே கிடையாது. மறுநாள் காலையில் நர்ஸம்மா வருகிறார்.

மேஸ்திரி கலவைச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மகள் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிய கோலம் கண்முன் வந்தது. மூக்கை உறிஞ்சினார்.

"இப்ப உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் சம்சாரம். "அந்தம்மா எதைக் கேட்டாங்க? புகை வரக்கூடாது, தூசி வரக்கூடாது. ரெண்டு பக்கம் இருக்கணும்னு கேட்டாங்களா? ஒரு பக்கத்த ஒழுங்கா அடைங்க. காத்து புகாத மாதிரி."

மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். போர்டும் போர்டும் சேரும் இடத்தில் மாவைக் குழைத்து இழுத்து, டேப்பை ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு. ஸ்க்ரூத் தலைகளுக்கும் ஒரு தடவல். அந்த வேலையில் மட்டும் மேஸ்திரிக்கு யாரும் கிட்டே வர முடியாது. கரணை ஒரே இழுப்பில் ஓடி நின்றது. காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பதுதான் வழக்கம். தேய்த்தால் அறையே மாவாகும். அதனால் காய்வதற்கு முன்பே நனைத்த ஸ்பாஞ்சால் வட்டம் வட்டமாகத் துடைத்தார். பழைய கதவு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, அதன் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை. தரை இடுக்கில் பசை.

சாயங்காலம் சம்சாரம் சொன்னாள். "நீங்க உள்ள போய்க் கதவ சாத்திக்கங்க. நான் புகை போடறேன்."

"எதுக்குடி?"

"வருதான்னு பாக்கத்தான். நாளைக்கு அந்தம்மா மூக்கு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி உங்க மூக்கு கண்டுபிடிக்கட்டும்."

இரும்புச் சட்டியில் எண்ணெயை ஊற்றிக் காயவிட்டாள். கூடம் முழுக்க நீலமாகப் புகை கட்டியது. மாப்பிள்ளை இருமிக்கொண்டே படிக்கட்டுக்கு ஓடினார். உள்ளே மேஸ்திரி சுவரோரமாக முகர்ந்துகொண்டே நடந்தார்.

"வருதா?" என்றாள் வெளியிலிருந்து. காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"வரல."

"மேல பாருங்க."

"வரல... இரு. இங்க வருது. மூலையில, கூரைகிட்ட."

நாற்காலிமேல் ஏறி விரலால் தடவினார். ஒரு நூல் இடுக்கு. அதில் மாவை அடைத்தார்.

"இப்ப?"

"இல்ல."

"நல்லா இழுத்துப் பாருங்க."

"இழுத்துட்டுத்தான்டி இருக்கேன். உன் சத்தம்தான் வருது. புகை வரல."

மறுநாள் நர்ஸம்மா வந்தார். கனத்த உடம்பு, சிரிக்காத முகம். கூடத்துக்குள் நுழைந்ததும் தகரக் கால்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன இது, விலா எலும்பு மாதிரி?"

"போர்டு பத்தலம்மா. ஒரு பக்கத்துக்குத்தான் கணக்குப் போட்டேன். தப்பு என்மேல. நான் கொத்து மேஸ்திரி."

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஆஸ்பத்திரியில மழை பெஞ்சா ஒழுகுது. கட்டினவன் இன்னைக்கு வரைக்கும் தப்புன்னு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனார்.

கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். ஜன்னல் வலையைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு கறுப்புத் துணி எடுத்து நனைத்து, சுவரில் ஒரு இடம் தேய்த்தார். துணி சுத்தமாக இருந்தது. இன்னொரு இடம். சுத்தம். போர்டு சேரும் கோட்டின்மேல் தேய்த்தபோது துணி வெள்ளையாக வந்தது. 

"இது அந்தக் குழந்தை மூச்சுல போகும்" என்றார்.

"தொடச்சிடறோம்மா. வேணும்னா மேல சாயம்..."

"சாய வாடை அதைவிட மோசம். ஈரத்துணியால திரும்பத் திரும்பத் தொடைங்க. நாளைக்குக் குழந்தையோட நானே வருவேன். இதே துணி வெள்ளையா வந்துச்சு, படியில ஏத்தாம அப்படியே திருப்பிக் கொண்டு போயிடுவேன். அழுது பிரயோஜனம் இல்ல." வாசலில் திரும்பினார். "அந்த இன்னொரு பக்கத்த நான் சொல்ற வரைக்கும் தொடக்கூடாது. அறுக்கறது துளைக்கிறது எதுவும் ஆகாது. குழந்தை எடை ஏறட்டும்."

அன்று முழுக்கத் துடைத்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர். முதல் தண்ணீர் பால் மாதிரி வந்தது. அப்புறம் மோர் மாதிரி. அப்புறம் அரிசி கழுவினது மாதிரி. மாப்பிள்ளை வேன் ஓட்டப் போகவில்லை. சம்சாரம் துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள், முன்னொரு காலத்தில் கல் எடுத்துக் கொடுத்த அதே வேகத்தில். மேஸ்திரி கோட்டின்மேல் உள்ளங்கையால் தடவிக் கையைப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். கடைசியில் தண்ணீர் தண்ணீராகவே வந்தது.

வியாழக்கிழமை வேன் வாசலில் நின்றது. நர்ஸம்மா மட்டும் முதலில் ஏறி வந்தார். கறுப்புத் துணியை அதே கோட்டில், அதே இடத்தில் வைத்துக் கீழிருந்து மேல்வரை இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் எட்டி, "கொண்டு வாம்மா" என்றார்.

மகள் படி ஏறி வந்தாள். கையில் ஒரு துணிமூட்டை. முகம் எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது.

வீடு அன்றிலிருந்து மாறிப்போனது. பாத்திரத்தைத் துணிமேல் வைத்தாள் சம்சாரம். மாப்பிள்ளை வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார், குசுகுசுவென்று பேசினார். அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் ஒரு பக்கப் போர்டு எந்தச் சத்தத்தையும் தடுக்கவில்லை.

"அப்பா சோத்துக்கு உப்பு போட மறந்துட்டியாம்மா?" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கேட்கும்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"அப்பா முணுமுணுக்கறது இங்க மைக்ல கேக்கற மாதிரி கேக்குது."

இவர்களுக்கும் கேட்டது. குழந்தை விக்குவது, சப்புக் கொட்டுவது, தூக்கத்தில் சின்னதாக முனகுவது. கலவை மெஷின் பக்கத்தில் ஆயுசெல்லாம் நின்று காது மந்தமான மனுஷனுக்கு அதெல்லாம் கேட்டது. போர்டின் முதுகுதான் அவருக்குக் கேட்கச் செய்தது. வேலைக்குப் போய்த் திரும்பியதும் கைகால் கழுவிவிட்டு இரண்டு தகரக் கால்களுக்கு நடுவில் தோளைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். உள்ளே குழந்தையின் கட்டில் அந்த இடத்தில்தான் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்பார். "என் உடம்பெல்லாம் சிமெண்ட். எடை ஏறட்டும்."

அப்புறம் ஒருநாள் மத்தியானம். வெயில் ஜன்னலில் தகித்தது. சம்சாரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளங்கையைப் போர்டின் பழுப்பு முதுகில் வைத்தபடி கண்ணை மூடியிருந்தார்.

டுக்.

கையை எடுத்துவிட்டார். மறுபடியும் வைத்தார்.

டுக். டுக். ரொம்ப மெல்லிசாக, விரல் நுனியால் யாரோ தட்டுவது போல.

"ஏய், இங்க வா" என்றார் மூச்சுக் குரலில். "வா வா. கை வை இங்க."

அவள் வந்து குனிந்து, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். இரண்டு பேரும் அசையவில்லை.

டுக்.

"உதைக்கிறா" என்றார் மேஸ்திரி. "அவ கால்டி அது. விரலே தீக்குச்சியாட்டம் இருந்துச்சே. சுவத்த உதைக்கிறா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

"எங்கிட்ட எத்தன தடவ கேட்டிருப்பீங்க, வயித்துல புள்ள உதைச்சா எப்படி இருக்கும்னு" என்றாள். "இப்படித்தாங்க இருக்கும்."

மேஸ்திரி தலையாட்டினார். கையை மட்டும் எடுக்கவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம். மாப்பிள்ளை நுனிக்காலில் நடந்து வந்து கதவோரம் நின்றார். "மாமா" என்று கிசுகிசுத்தார். "போர்டு வந்துடுச்சு. முழுசா அஞ்சு. நர்ஸம்மாவும் ஆரம்பிக்கலாம்னுட்டாங்க. ஏத்தவா?"

மேஸ்திரி மற்றக் கையால் அவரை வா என்று கூப்பிட்டார்.

"கீழயே நிக்கட்டும் மாப்ள. நீங்க செருப்ப விட்டுட்டு வாங்க. வந்து இங்க கை வைங்க."